ஊரின் உணவு நிலையை ஊரே அளப்பது எப்படி? திருகோணமலைக் கிராமங்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: வெருகல், மூதூர்ப் பக்கத்தில் ஐந்தாறு கிராமங்களின் அபிவிருத்திச் சங்கங்கள் சேர்ந்து, தங்கள் பகுதியின் உணவு நிலையைத் தாங்களே மதிப்பிட விரும்புகின்றன. என்ன விளைகிறது, எவ்வளவு வெளியே போகிறது, எந்த வீட்டில் எந்த மாதம் தட்டுப்படுகிறது என்று தெரிய வேண்டும். கையில் பெரிய பணம் இல்லை. எங்கே தொடங்குவது, எதை எப்படிக் கேட்பது, எங்கே பிழைக்கும்?

திருகோணமலை மாவட்டத்தின் ஆண்டுக் கணக்கைப் போட்டால் நெல் மிஞ்சும். மீன் ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு ஏறுகிறது, தயிர்ச் சட்டி வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. அதே ஊரில் மார்கழி மாதம் கடைக்கொப்பியில் அரிசி கடனுக்கு எழுதப்படுகிறது. இரண்டும் உண்மை. ஆகவே விளைச்சலை மட்டும் கூட்டிப் பார்க்கும் எந்த மதிப்பீடும் இங்கே பிழையான முடிவையே தரும். நீங்கள் அளக்க வேண்டியவை மூன்று: மாதம், வழி, அடுப்படி. எந்த மாதத்தில் என்ன இருக்கிறது, விளைந்தது எந்த வழியால் போய் எந்த வழியால் திரும்புகிறது, கடைசியில் சமைக்கிறவரின் சட்டிக்குள் என்ன விழுகிறது. மற்றதெல்லாம் இவற்றுக்குத் துணை.

எல்லையை முதலில் தீர்மானியுங்கள். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் இரண்டு போகம் செய்யும் தம்பலகாமத்து வயலையும் குச்சவெளிப் பக்கத்து மானாவாரி வயலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், வரும் எண் எந்த ஊருக்கும் பொருந்தாது. ஐந்து முதல் எட்டுக் கிராம சேவையாளர் பிரிவுகள் போதும். அவற்றைத் தெரிவுசெய்யும்போது நிர்வாக வரைபடத்தைவிடத் தண்ணீரையும் தெருவையும் பாருங்கள்: ஒரே வாய்க்காலில் யார் யார் தொங்குகிறார்கள், ஒரே சந்தைக்கு யார் யார் போகிறார்கள். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது கீழே இருந்த தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் எல்லாவற்றின் வயலும் ஒன்றாகத்தான் காய்ந்தன. வெருகலை அளக்க வந்து சேருநுவரவையும் தோப்பூரையும் விட்டுவிட்டால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும். குறைந்தது வாய்க்காலின் தலைப்பில் ஒரு ஊர், கடைமடையில் ஒரு ஊர், கடலோரத்தில் ஒரு ஊர் என்று உள்ளே வர வேண்டும்.

குழுவில் எட்டுப் பத்துப் பேர் போதும். ஆனால் எல்லோரும் சங்கத் தலைவர்களாக இருந்தால் வேலை கெட்டுவிடும். கமக்காரர் ஒருவர், கரைவலைக்குப் போகிறவர் ஒருவர், மாடு வைத்திருப்பவர் ஒருவர், சில்லறைக் கடைக்காரர் ஒருவர், மாதர் சங்கத்திலிருந்து மூன்று பேராவது. கணக்கு எழுத உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நல்ல கை. பிரதேச செயலாளரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி தேவையோ இல்லையோ, கடிதம் இல்லாமல் போனால் அலுவலகங்களில் ஏடு திறக்க மாட்டார்கள். கருவிகள் என்று பெரிதாக எதுவுமில்லை: 50 கிலோ வரை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று, ஒரு லீற்றர் அளவுக் குவளை, பழுப்புத் தாள், நிறப் பேனைகள். தராசை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது நெல்லுக்கு வரும்போது தெரியும்.

வீட்டுக்குப் போகுமுன் ஏடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஏடும் ஏதோ ஒரு வேலைக்காக எழுதப்பட்டது, அந்த வேலைக்கு வெளியே அது பொய் சொல்லும். கமநல சேவை நிலையத்தின் வயல் பதிவில் காணிக்காரரின் பெயர் இருக்கும், குத்தகைக்குச் செய்கிறவர் பெயர் பெரும்பாலும் இராது. பசளை மானியத்துக்காகக் காட்டிய ஏக்கரும் உண்மையில் விதைத்த ஏக்கரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசி போட்ட மாட்டுக் கணக்கு உண்டு, காட்டோரம் நிற்கும் பட்டி அதில் வராது. மீன்பிடிப் பரிசோதகரிடம் பதிந்த படகுகள் தெரியும், கரைவலை இழுக்கும் ஆட்களும் கழிமுகத்தில் மட்டி பொறுக்கும் பெண்களும் தெரிய மாட்டார்கள். கிராம சேவையாளரின் குடும்பப் பட்டியல் மத்திய கிழக்கிலும் கொழும்பிலும் வேலைக்கு இருப்பவர்களையும் சேர்த்து எண்ணும். இவற்றுக்குள் நம்பத் தகுந்தது குடும்பநல உத்தியோகத்தர் வைத்திருக்கும் சிறு குழந்தைகளுடைய நிறைப் பதிவு: மாதாமாதம், தராசில் வைத்து, அதே பிள்ளையை. பெயர்கள் இல்லாமல், எந்த மாதத்தில் எத்தனை பிள்ளைகள் நிறை ஏறாமல் நின்றார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், சுகாதார வைத்திய அதிகாரியின் அனுமதியோடு. பன்னிரண்டு மாத எண்ணை வரிசையாக வைத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

விளைச்சல் ஏடு பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பர் முடிவில் தடை தளர்த்தப்பட்டது. அந்தப் பெரும்போகமும் (மாரி மழையோடு விதைத்து மாசி பங்குனியில் அறுப்பது), 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் செய்த சிறுபோகமும் (கோடையில் குளத்துத் தண்ணீரில் செய்வது) வழமையான போகங்கள் அல்ல. அவற்றை அடிப்படையாக வைத்து "இப்போது முன்னேறிவிட்டோம்" என்று காட்டுவது கண்கட்டு. குறைந்தது ஐந்து பெரும்போகங்களை வரிசையாகப் பாருங்கள், அதில் ஒன்று வெள்ள ஆண்டாக இருக்கட்டும்.

அடுத்தது பருவ நாட்காட்டி. முழு மதிப்பீட்டிலும் மலிவானதும் மிகக் கூடப் பயன் தருவதும் இதுதான். பழுப்புத் தாளில் பன்னிரண்டு நிரல். மேலே தை, மாசி என்றும் ஜனவரி, பெப்ரவரி என்றும் இரண்டையும் எழுதுங்கள். வயதானவர்கள் தமிழ் மாதத்தில் சொல்வார்கள், கடன் தவணை ஆங்கில மாதத்தில் ஓடும். கீழே வரிசைகள்: மழை, வயல் வேலை, மேட்டுநிலப் பயிர், கடல், களப்பு, பால், கூலி கிடைக்கும் நாட்கள், கடன் வாங்கும் மாதம், நகை அடகு போகும் மாதம், திருப்பும் மாதம், அரிசி விலை, காய்ச்சல், திருவிழா. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக இருத்திச் செய்யுங்கள். நகை வரிசையை ஆண்கள் ஒரு மாதிரி நிரப்புவார்கள், பெண்கள் வேறு மாதிரி. பெண்கள் சொல்வதைத்தான் எடுக்க வேண்டும்.

இந்தத் தாளை நிரப்பி முடித்ததும் கார்த்திகை, மார்கழி நிரல்களைப் பாருங்கள். இங்கே ஆண்டு மழை சுமார் 1,600 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டிவிடும். வாடைக் கடல் கொந்தளிப்பதால் தொழில் இல்லை. வயலில் பயிர் நிற்கிறது, கதிர் மாசி பங்குனியில்தான். உழவுக்கும் விதைக்கும் பசளைக்கும் கையில் இருந்தது போய்விட்டது, நகையும் போய்விட்டது. விதைப்பு முடிந்தபின் கூலி வேலை குறைவு, வெள்ளத்தில் அதுவும் இல்லை. சிறுபோகத்து நெல் எப்போதோ விற்றாயிற்று, அல்லது தண்ணீர் வராததால் சிறுபோகமே இல்லை. ஐந்து தட்டுப்பாடும் ஒரே கிழமைகளில் வந்து விழுகின்றன. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கடல் தொழில் உண்டு, சிறுபோகம் உண்டு, கூலி உண்டு. இந்த மாதங்களில் மட்டும் கணக்கெடுத்துவிட்டு ஊர் நன்றாக இருக்கிறது என்று எழுதிய அறிக்கைகள் நிறைய.

ஆகையால் வீட்டுக் கணக்கெடுப்பை இரண்டு முறை செய்ய வேண்டும்: பங்குனி சித்திரையில் ஒன்று, கார்த்திகை மார்கழியில் ஒன்று. ஒருமுறைதான் முடியும் என்றால் இரண்டாவதைச் செய்யுங்கள். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும், அந்த மாதத்திலும் பெருநாள் கிழமையிலும் முஸ்லிம் ஊர்களில் கேட்க வேண்டாம். இந்து வீடுகளில் கேதாரகௌரி விரதம் 21 நாள், கந்தசஷ்டி 6 நாள், புரட்டாதிச் சனி வேறு. அந்த நாட்களில் மீன் சமைக்காத வீட்டை மீன் வாங்க வசதியில்லாத வீடு என்று எழுதிவிடுவீர்கள்.

இனி வழிகள். எல்லா உணவையும் தொடர முடியாது. அரிசி, மீன், மரக்கறி, பால் என்று நான்கை எடுத்து, விளைந்த இடத்திலிருந்து தட்டு வரை பின்தொடருங்கள்.

அரிசிக்கு ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர், நாளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி. ஆண்டுக்கு ஏறத்தாழ 550 கிலோ. 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று வைத்தால் 840 கிலோ நெல் வேண்டும். ஒரு புசல் சுமார் 21 கிலோ, ஆகவே 40 புசல். இரண்டு ஏக்கர் செய்து ஏக்கருக்கு 70 புசல் எடுத்தவரின் களத்தில் 140 புசல் விழுந்திருக்கும். விதைநெல்லுக்கு ஏக்கருக்கு 2 முதல் 3 புசல் என்று ஒதுக்கினாலும் சோற்றுக்கு வேண்டியதைப் போல் இரண்டு பங்குக்கு மேல் மீதி. பிறகு ஏன் அதே வீடு கார்த்திகையில் பொதி அரிசி வாங்குகிறது? இந்தக் கேள்விக்கு வீடு வீடாகப் பதில் எழுதுவதுதான் அரிசிப் பகுதியின் முழு வேலை. பதில்கள் பெரும்பாலும் இப்படி வரும்: இயந்திரத்தால் வெட்டிய நெல் ஈரமாக வயலிலேயே லொறியில் ஏறிவிட்டது, காய வைக்கக் களம் இல்லை, பசளையும் வயலுக்கு அடிக்கும் எண்ணெயும் கடனாகத் தந்தவருக்கே நெல்லைக் கொடுக்க வேண்டும், உழவு இயந்திரக் கூலியை அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தது, குத்தகை நெல்லாகவே போய்விட்டது, வீட்டில் நெல் கட்டி வைக்க இடம் இல்லை, எலி. ஈர நெல் பொலநறுவைப் பெரிய ஆலைகளுக்குப் போய் பொதி அரிசியாகத் திரும்பி வருகிறது. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலுள்ள தூரத்தை அதே வீட்டின் கணக்கிலேயே எழுதுங்கள், நெல் விலையை அரிசியாக்கி: விற்ற நெல்லின் கிலோ விலையை 0.65ஆல் பிரித்தால் அந்த அரிசி அவருக்கு என்ன விலைக்குப் போனது என்று வரும்.

தராசு இங்கேதான் வேண்டும். எத்தனை மூடை என்று கேட்டால் எத்தனை என்று சொல்வார்கள். மூடை எத்தனை கிலோ என்பது ஆளுக்கு ஆள் வேறு. நிறுத்துப் பாருங்கள். அதோடு ஈரத்துக்கு என்று கழிப்பதையும் சரிபாருங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீத ஈரம். 20 சதவீத ஈரத்தில் உள்ள 70 கிலோ மூடையை 14க்கு உலர்த்தினால் 65 கிலோ நிற்கும் (70ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் பிரியுங்கள்). ஆகவே நியாயமான கழிவு 5 கிலோ. பதர், தூசுக்கு ஒரு கிலோ போகட்டும். அதற்கு மேல் கழிப்பது வெளியில் தெரியாத விலைக்குறைப்பு, அதை அந்தப் பெயரிலேயே அறிக்கையில் எழுத வேண்டும். கமநல சேவை நிலையத்திலோ ஆலையிலோ ஈரமானி ஒன்றைக் கடனாக வாங்கி ஒரு அறுவடைக் கிழமையில் இருபது மூடையைப் பார்த்தாலே போதும்.

மீனில் இரண்டு விஷயம் கணக்கில் தப்பும். ஒன்று கறிக்கு எடுத்துக்கொண்டு போகும் மீன். கரைவலை இழுத்தவர்கள் பங்குப் பணத்தோடு ஒரு கைப்பிடி மீனும் கொண்டு போவார்கள், அது எந்த விற்பனைக் கணக்கிலும் வராது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் மீன். சாளை, சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறு மீன்தான் ஊருக்குள் நிற்கிறது, விலை போகும் மீன் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மொத்தச் சந்தைக்கு. மற்றது களப்பும் கழிமுகமும். தம்பலகாமக் குடாவில் மட்டி, உல்லைக்கழியில் றாலும் நண்டும் என்று வாடைக் காலத்திலும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. பெரும்பாலும் படகில்லாத வீடுகளும் பெண்களும் செய்யும் தொழில் அது. களப்பு முகம் எப்போது திறந்தது, எப்போது மூடியது, யார் அதில் வலை போடலாம் யார் போடக்கூடாது என்று கேட்டு எழுதுங்கள். இறங்குதுறையில் ஐஸ் கிடைக்கும் நாட்களும் கிடைக்காத நாட்களும் விலையை எப்படி மாற்றுகின்றன என்பதையும் ஒரு கிழமை தொடர்ந்து குறித்துக்கொள்ளலாம்.

மரக்கறியைச் சந்தையில் பிடிப்பது லேசு. சந்தை நாளில் போய் பத்து மரக்கறிகளை எழுதி, எங்கிருந்து வந்தது, கிலோ என்ன விலை என்று கேளுங்கள். கரட், போஞ்சி, கோவா தம்புள்ளை மொத்தச் சந்தையால் வருவது இயல்பு, இங்கே அவை விளையாது. கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணியும் தம்புள்ளை லொறியில் வந்தால் அதுதான் ஆராய வேண்டியது. காரணம் எப்போதும் விதையோ ஆர்வமோ இல்லாமல் இருப்பதல்ல. கிணற்றில் உவர், கட்டாக்காலி மாடு, குரங்கு, யானை, முள்ளுக்கம்பி விலை. வீட்டுத்தோட்டத்துக்கு விதைப் பொதி கொடுக்கும் திட்டங்கள் வேலி கொடுக்காததாலேயே தோற்கின்றன. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் மூன்றை மட்டும் பாருங்கள்: வேலி நாலு பக்கமும் உண்டா, ஆடி ஆவணியில் கிணறு எத்தனை முழம், தண்ணீர் நாக்கில் உப்புக் கரிக்கிறதா. கும்புறுப்பிட்டி, நிலாவெளி மணலில் சின்ன வெங்காயம் செய்யும் ஊர்களில் கிணற்றைப் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாக வேண்டும். அங்கே உவர்நீருக்கு மேல் நன்னீர் மெல்லிய ஒரு படையாகத்தான் நிற்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும்.

விலைக்கு வாங்காத கீரை, பழத்தை மறக்க வேண்டாம். முருங்கை, பொன்னாங்காணி, முசுட்டை, முடக்கொத்தான், காட்டில் பாலைப்பழம், வீரைப்பழம், தேன். வெருகல், மூதூர்ப் பக்கத்து வேடர் வழி வந்த குடும்பங்களுக்குக் காட்டு உணவு வருமானமும்கூட. காட்டுக்குள் போக முடிகிற எல்லை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அவர்களிடமே வரைபடம் கீறச் சொல்லுங்கள்.

பாலைப் பற்றிச் சுருக்கமாக. பட்டி மாடு அறுவடைக்குப் பின் வயலின் அரிதாளில் மேயும், பெரும்போகம் விதைத்ததும் காட்டோரம் போக வேண்டும். மேய்ச்சல் தரை வயலாகவும் வேறாகவும் மாறிய இடங்களில் மாட்டுக்காரருக்கும் கமக்காரருக்கும் சண்டை அந்த மாதத்தில்தான். கேட்க வேண்டியது: கறந்தது எத்தனை லீற்றர், தயிருக்கும் சேகரிப்பவருக்கும் போனது எத்தனை, வீட்டில் குடித்தது எத்தனை. கடைசி எண் பூச்சியமாக இருக்கும் வீடுகள் ஆச்சரியப்படுத்தும் அளவுக்கு இருக்கும். எருமைத் தயிர் விற்கும் வீட்டில் பிள்ளை பால்மாத் தேநீர் குடிக்கும்.

இப்போது அடுப்படி. ஒரு பிரிவில் 320 குடும்பங்கள் என்றால் 40 வீடு போதும். பட்டியலை எண்ணிட்டு, 1 முதல் 8 வரை சீட்டுப் போட்டு, விழுந்த எண்ணிலிருந்து எட்டாவது எட்டாவது வீடாகப் போங்கள். "இந்த வீடுகளுக்குப் போங்கோ" என்று எவரும் தெரிவுசெய்து தர இடம் கொடுக்காதீர்கள், கிராம சேவையாளர் உட்பட. தெருவோர வீடுகள் வசதியானவை, வாய்க்காலுக்கு அப்பால் தள்ளியிருப்பவைதான் வேண்டியவை. பட்டியலில் பெயரில்லாமல் குடியிருப்பவர்கள், கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போட்டிருப்பவர்கள் என்று ஐந்தாறு வீட்டைத் தனியாகச் சேர்த்து, அதைத் தனியாகவே எழுதுங்கள். இருவர் இருவராகப் போங்கள், ஒருவர் கதைக்க மற்றவர் எழுதட்டும். ஒரு சோடி நாளைக்கு நாலு வீட்டுக்கு மேல் செய்தால் கடைசி வீட்டில் கேள்வியைச் சுருக்கிவிடுவார்கள். சமைக்கிறவரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று பதில் சொல்ல வந்தால் ஒருவர் அவரை வயலைப் பற்றிக் கேட்டு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகலாம். பின்னேரம் மூன்று மணிக்கும் ஐந்துக்கும் இடையில் நல்லது.

கேட்பதற்கு உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வுப் புள்ளி முறை கைக்கு அடக்கமானது. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, நாட்களை எடையால் பெருக்க வேண்டும்: தானியமும் கிழங்கும் 2, பருப்பு வகை 3, மரக்கறி 1, பழம் 1, மீன் இறைச்சி முட்டை 4, பால் 4, எண்ணெய் அரை, சீனி அரை. எண்ணெயும் சீனியும் அன்றாடம் சேரும் இடங்களில் 28 வரை மோசம், 42 வரை விளிம்பு, அதற்கு மேல் பரவாயில்லை.

பிழை எங்கே நுழையும் என்று ஒரு அடுப்படியை எடுத்துப் பாருங்கள். சோறு 7 நாள், பருப்பு 3, மரக்கறி 5, பழம் 1, எண்ணெய் 7, சீனி 7. மீன் மூன்று நாள் என்கிறார்கள். பால் தினமும் என்கிறார்கள். அப்படியே எழுதினால் 14, 9, 5, 1, 3.5, 3.5, மீனுக்கு 12, பாலுக்கு 28, மொத்தம் 76. வசதியான வீடு. இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: மீன் என்றால் எவ்வளவு? ஒரு நாள் சாளைக் குழம்பு, மற்ற இரண்டு நாளும் சம்பலுக்குள் இடித்த கொஞ்சம் கருவாடு. பால் என்றால்? தேநீரில் ஒரு கரண்டி பால்மா. சுவைக்குச் சேர்க்கும் அளவு எதுவும் அந்தக் குழுவில் சேராது என்பது விதி. மீன் ஒரு நாள், பால் பூச்சியம். மொத்தம் 40, விளிம்பு. ஒரே வீடு, ஒரே கிழமை. மாசிக் கருவாட்டுத் துண்டு, பால்மா, பருப்புத் தண்ணீர் ஆகிய மூன்றுக்கும் என்ன செய்வது என்று பயிற்சி நாளிலேயே முடிவெடுத்துப் படிவத்தின் மேலே எழுதிவையுங்கள். தேங்காய்ப்பாலுக்கும் அப்படியே, எல்லாப் படிவத்திலும் ஒரே குழுவில் போக வேண்டும்.

புள்ளி முழு வீட்டுக்கானது, தாய் என்ன சாப்பிட்டார் என்று அது சொல்லாது. கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவருக்குக் குழம்பும் சோறும்தான் மிச்சம். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண் ஒருவரிடம் நேற்றுக் காலை முதல் இரவு வரை சாப்பிட்டதைத் தனியாகக் கேளுங்கள். பத்து உணவுக் குழுவில் குறைந்தது ஐந்து வந்திருக்க வேண்டும் என்பது அளவுகோல். அதன் பிறகு சமாளிப்பு பற்றிய ஐந்து கேள்விகள், அவையும் கடந்த ஏழு நாளுக்கே: விருப்பமில்லாத மலிவானதைச் சாப்பிட்ட நாள் (எடை 1), உணவை அல்லது உணவுக்குக் கடன் வாங்கிய நாள் (2), அளவைக் குறைத்த நாள் (1), பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்த நாள் (3), வேளையைக் குறைத்த நாள் (1). இதற்குள் நாணம் இருக்கும், அவசரப்படுத்தக் கூடாது. கடைக்கொப்பியைக் காட்டச் சம்மதித்தால் எந்தக் கேள்வியையும்விட அது நேர்மையாகப் பேசும். கிழமைக் கடன் எந்த நாளில் அறவிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்கு முதல் நாள் அடுப்படி எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வியாகத் தானே வரும்.

மக்கள் குறைத்துச் சொல்வார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு படிவத்தோடு வந்தவர்கள் எல்லோரும் சாமானோடும் வந்தார்கள், ஆகவே படிவத்தைக் கண்டால் உதவி வரும் என்ற எண்ணம் இந்தக் கரையில் இயல்பு. அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பெயர்ப்பட்டியலோடு இதற்குத் தொடர்பில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள், படிவத்தில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதாதீர்கள். முடிவை எழுதும்போது "40 வீட்டில் 13" என்று எழுதுங்கள். 32.5 சதவீதம் என்று எழுதினால் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும்.

ஒரு சோதனை மட்டும் மிச்சம், ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம்: வெள்ளத்தில் தெரு பத்து நாள் அறுந்தால்? 2011 ஜனவரி வெள்ளத்தை அனுபவித்த ஊர்களுக்கு இது கற்பனை இல்லை. 400 குடும்பம் உள்ள ஒரு பிரிவு, குடும்பத்துக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ, பத்து நாள், 6,000 கிலோ அரிசி. உங்கள் 40 வீட்டில் 15 வீட்டில் பத்து நாளுக்கு மேல் அரிசியோ நெல்லோ உண்டு என்று வைத்துக்கொண்டால், மற்ற 250 குடும்பத்துக்கு 3,750 கிலோ வேண்டும். கடைகளையும் கூட்டுறவுச் சங்கத்தையும் எண்ணி 800 கிலோ இருந்தால் ஏறத்தாழ 3,000 கிலோ துண்டு விழுகிறது. நெல் இருந்தும் ஆலைக்கு மின்சாரம் இல்லாவிட்டால் அதுவும் அரிசி இல்லை. டீசலில் ஓடும் ஆலை ஊருக்குள் உண்டா என்று பாருங்கள்.

முடிவுகளை முதலில் ஊரிலேயே வையுங்கள், அலுவலகத்துக்கு முன்பே. பருவ நாட்காட்டி, அரிசிக் கணக்கு, அடுப்படிப் புள்ளி என்று மூன்று தாள், பள்ளிக்கூட மண்டபத்திலோ மரண உதவிச் சங்கக் கட்டடத்திலோ ஒட்டி, பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். திருத்துவார்கள், சில நேரம் கோபமாகவே. பிறகு பட்டியலை நீட்டாமல் இரண்டே இரண்டு கோரிக்கை. எங்கே கொண்டு போவது என்பது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. தண்ணீர் முறை, விதைப்புத் திகதி, மாடு வெளியேற்றும் திகதி எல்லாம் போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகும். ஆகவே நெல் உலர்த்தும் களம், மேய்ச்சல் வழி பற்றிய பேச்சைப் புரட்டாதிக்குள் கமக்காரர் அமைப்பின் நிகழ்ச்சி நிரலில் ஏற்ற வேண்டும். சந்தைக் கொட்டில், உள்ளூர்த் தெரு, கட்டாக்காலி மாடு பிரதேச சபை விஷயம். சபையின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவில் தயாராகும், ஐப்பசிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஐஸ், இறங்குதுறை, கூட்டுறவுக் களஞ்சியம் போன்றவை பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு. வெற்றுப் படிவத்தின் ஒரு பிரதியும் பயிற்சி நாளில் எடுத்த முடிவுகளின் தாளும் மாதர் சங்கத்தின் கோப்பில் இருக்கட்டும். அடுத்த மார்கழியில் வேறு ஆட்கள் கேட்கப் போனாலும் பால்மாவை எந்தக் குழுவில் போட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.